தம்பியின் மனதைப் பார்க்க டாக்டர் இருக்கிறார், உடம்பை யாரிடம் காட்டுவது?

காவிரிக்கரை எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். கொஞ்சம் நீளமாக எழுதப் போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

என் தம்பிக்கு 38 வயது. மனச்சிதைவு நோய் வந்து 14 வருடம் ஆகிறது. கடைசி ஆறு வருடமாக ஓலன்சபின் 20 மில்லிகிராம், இராத்திரி ஒரு வேளை. அந்த மாத்திரையை நான் குறை சொல்ல மாட்டேன். அதற்கு முன்னால், அம்மா போட்ட சோற்றில் விஷம் கலந்திருக்கிறது என்று நாள் கணக்கில் பட்டினி கிடந்தவன். இப்போது கடைக்குப் போய் வருகிறான், மாடியில் செடி வளர்க்கிறான், என் பெண்ணுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுக்கிறான்.

போன மாதம் செம்பு செம்பாகத் தண்ணீர் குடிக்க ஆரம்பித்தான். இராத்திரி நான்கைந்து தடவை எழுந்து போனான். பக்கத்துத் தெரு டாக்டரிடம் கூட்டிப்போனேன். பழைய சீட்டில் மாத்திரைப் பெயரைப் பார்த்ததும் நாற்காலியைக் கொஞ்சம் பின்னால் தள்ளிக்கொண்டார். "இந்த மாதிரிப் பேஷண்டுங்க தண்ணி நிறையக் குடிப்பாங்கம்மா. அவங்க டாக்டர்கிட்டயே காட்டுங்க." தம்பியின் நாடியைக்கூடப் பிடித்துப் பார்க்கவில்லை. சரி, மாதாந்திர ஓ.பி.யில் கேட்கலாம் என்று போனால் அங்கே வரிசை வாசலைத் தாண்டி நிற்கிறது. "குரல் கேக்குதா? தூக்கம் வருதா?" என்று இரண்டு கேள்வி, அதே மாத்திரை, அடுத்த டோக்கன். தண்ணீர் விஷயத்தை நான் சொல்ல வாயெடுப்பதற்குள் அடுத்தவர் வந்து உட்கார்ந்துவிட்டார்.

கடைசியில் கண்டுபிடித்தது அம்மாதான். கழிவறைத் தரையில் எறும்பு மொய்த்திருந்தது. "தாத்தாவுக்கும் இப்படித்தான்டி இருந்துச்சு" என்றார். மறுநாள் காலை லேபுக்குப் போனோம். வெறும் வயிற்றில் 286. மூன்று மாதச் சராசரி சர்க்கரை 11.2. எடை 91 கிலோ. மாத்திரை ஆரம்பித்தபோது 58 இருந்தான். இந்த ஆறு வருடத்தில் ஏறக்குறைய எழுபது தடவை ஆஸ்பத்திரிக்குப் போயிருக்கிறோம். ஒரு தடவைகூட யாரும் அவனை எடை மெஷினில் ஏறச் சொல்லவில்லை. கேட்க வேண்டும் என்று எனக்கும் தோன்றவில்லை. அதுதான் இப்போது தூங்க விடாமல் அறுக்கிறது.

என் கேள்வி இதுதான். இவனுடைய சர்க்கரையை யார் பார்ப்பது? எங்கள் ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே பார்க்கலாமா, அங்கேயும் திருப்பி அனுப்புவார்களா? மனநல மாத்திரையை நிறுத்த வேண்டியிருக்குமா? ஊசி என்றாலே ஒதுங்குகிறவன் வேறு.

ஊர் டாக்டர் எழுதியது:

அக்கா, முதலில் ஒன்று. ஓலன்சபினை நீங்களாக நிறுத்தவும் வேண்டாம், குறைக்கவும் வேண்டாம். சர்க்கரை 286 என்பது நாளைக்கே டாக்டரைப் பார்க்க வேண்டிய விஷயம், ஆனால் சமாளிக்கக்கூடிய விஷயம். வாந்தி, வயிற்றுவலி, மூச்சு வாங்குவது, அளவுக்கு மீறிய அசதி, இவற்றில் எது வந்தாலும் நாளை வரை காத்திருக்காமல் உடனே பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போங்கள்.

நான் ஒரு ஆரம்ப சுகாதார நிலையத்தில் ஒன்பது வருடமாக வேலை பார்க்கிறேன். உங்கள் தம்பியின் சர்க்கரை, பிரஷர், கொழுப்பு எல்லாம் எங்கள் வேலைதான். மனச்சிதைவு இருக்கிறது என்பதற்காக எந்த சுகாதார நிலையமும் இதற்குத் திருப்பி அனுப்பக் கூடாது. சர்க்கரைக்குத் தரும் மெட்ஃபார்மின் மாத்திரை எங்களிடமே இருக்கிறது. 2021 ஆகஸ்டில் தமிழக அரசு தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் பெயரைப் பதிந்துவிட்டால் சர்க்கரை, பிரஷர் மாத்திரைகள் வீடு தேடி வரும். தெருவில் வரும் அந்தப் பெண் ஊழியரிடம் பேசுங்கள். பல வீடுகளில் அம்மாவுக்கும் அப்பாவுக்கும் பிரஷர் பார்த்துவிட்டுப் போய்விடுகிறார்கள், உள்ளறையில் இருக்கும் மகனைப் பற்றி வீட்டார் வாயே திறப்பதில்லை.

ஏன் இப்படி ஆனது என்றும் சொல்லிவிடுகிறேன். மனச்சிதைவுக்குத் தரும் ஓலன்சபின், குளோசபின் இரண்டும் பசியைத் தூண்டும். சாப்பிட்டு எழுந்த அரை மணியில் மறுபடி பசிக்கும். அது பேராசையும் இல்லை, ஒழுங்கீனமும் இல்லை. எடை ஏறுவது ஒரு பக்கம், இன்சுலின் வேலை செய்வதையே இந்த மாத்திரைகள் கெடுப்பது இன்னொரு பக்கம். பெரும்பாலானவர்களுக்கு முதல் சில மாதங்களிலேயே எடை கிடுகிடுவென்று ஏறும். அதனால் மாத்திரை தொடங்கும் அன்றே எடை, இடுப்புச் சுற்றளவு, பிரஷர், வெறும் வயிற்று சர்க்கரை, கொழுப்பு எல்லாம் எடுத்து வைத்திருக்க வேண்டும். மூன்று மாதம் கழித்து மறுபடி ஒரு தடவை, பிறகு வருடா வருடம். எடை மட்டும் ஆரம்பத்தில் அடிக்கடி. இடுப்பு அளவு நம் ஊர் ஆண்களுக்கு 90 சென்டிமீட்டர், பெண்களுக்கு 80. அதைத் தாண்டினால் கவனம் வேண்டும். இதற்கு ஒரு தையல் டேப் போதும்.

அந்தத் தெரு டாக்டரை மட்டும் குறை சொல்லி நான் தப்பித்துக்கொள்ள முடியாது. நான் எம்.பி.பி.எஸ். படித்தபோது மனநலப் பிரிவில் இருந்தது இரண்டே வாரம். வேலைக்குச் சேர்ந்த புதிதில், வெகு நாளாக மனச்சிதைவுக்கு மாத்திரை சாப்பிடும் ஒருவர் வந்தார். "நெஞ்சுக்குள்ள யாரோ கல்லு வெச்சுட்டாங்க" என்றார். நோயில் பேசுகிறார் என்று நினைத்து ஓரமாக உட்காரச் சொன்னேன். மூன்று மணி நேரம் கழித்துத்தான், வியர்த்துக் கொட்டியதைப் பார்த்த நர்ஸ் இ.சி.ஜி. எடுத்தார். மாரடைப்பு. பிழைத்துக்கொண்டார், ஆனால் இதயம் பாதி பலம் போய்விட்டது. "கல் வைத்த மாதிரி" என்று வேறு யார் சொல்லியிருந்தாலும் அந்த நிமிடமே இ.சி.ஜி. எடுத்திருப்பேன். அவர் சொன்னதில் "யாரோ" என்ற ஒரு சொல் மட்டும்தான் என் காதில் விழுந்தது.

ஈஸ்ட்ஹாம் செவிலி எழுதியது:

நான் லண்டனில் ஒரு குடும்ப மருத்துவர் நிலையத்தில் நர்ஸ். இங்கே நடப்பதைச் சொல்கிறேன், எடுத்துக்கொள்ள முடிந்ததை எடுத்துக்கொள்ளுங்கள்.

மனச்சிதைவு, இருமுனை நோய் போன்றவை உள்ளவர்களுக்கு ஒவ்வொரு நிலையத்திலும் தனிப் பதிவேடு உண்டு. வருடத்துக்கு ஒரு தடவை கூப்பிட்டு ஆறு விஷயம் பார்க்க வேண்டும்: எடை, இரத்த அழுத்தம், சர்க்கரை, கொழுப்பு, புகை, மது. பார்த்ததோடு விடக் கூடாது, ஏறியிருந்தால் வைத்தியம் தொடங்க வேண்டும் என்பதை எங்கள் பயிற்சியில் திரும்பத் திரும்பச் சொல்வார்கள்.

பதிவேடு இருந்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடாது. கடிதம் போட்டால் பாதிப் பேர் வர மாட்டார்கள். வரவேற்பறையில் கூட்டம், சத்தம், எல்லோரும் தன்னையே பார்ப்பது போன்ற உணர்வு. நாங்கள் கற்றுக்கொண்டது, காலையில் முதல் ஆளாகவோ மதியத்துக்கு முன் கடைசி ஆளாகவோ வரச் சொல்வது, மற்றவர்களுக்குக் கொடுக்கும் நேரத்தைப் போல இரண்டு பங்கு கொடுப்பது, முந்தின நாள் போன் போட்டு "நாளைக்கு நான்தான் இருப்பேன்" என்று என் பெயரைச் சொல்வது. ஒரே முகத்தைத் திரும்பப் பார்த்தால் வருகிறார்கள். காவிரிக்கரை அக்கா, உங்கள் சுகாதார நிலையத்திலும் கூட்டமில்லாத வேளை எது என்று நர்ஸிடம் தனியாகக் கேட்டுப் பாருங்கள். ஊர்ப் பெண்கள் இதற்கு மாட்டேன் என்று சொல்ல மாட்டார்கள்.

மகளுக்காக எழுதியது:

எல்லோரும் நல்ல எண்ணத்தில் எழுதுகிறீர்கள். ஆனாலும் ஒரு அப்பாவாகச் சொல்கிறேன், கோபித்துக்கொள்ள வேண்டாம். எடை, சர்க்கரை என்று பயமுறுத்தினால் கடைசியில் அது மாத்திரையில்தான் வந்து நிற்கிறது.

என் மகளுக்கு 27 வயது. இரண்டு வருடம் முன்னால் எடை ஏறுகிறது என்று மாத்திரையை வேறொன்றுக்கு மாற்றினார்கள். ஐந்தாவது வாரம் மறுபடி எல்லாம் வந்துவிட்டது. ஆறு மாதம் நானும் என் மனைவியும் மாறி மாறிக் கதவருகில் படுத்தோம். இப்போது பழைய மாத்திரைக்கே வந்து, சிரிக்கிறாள். 78 கிலோ இருக்கிறாள். இருக்கட்டும். உயிரோடு, புத்தியோடு இருக்கிறாளே, எனக்கு அது போதும்.

ஊர் டாக்டர் எழுதியது:

ஐயா, உங்களிடம் வாதாட எனக்கு மனம் வரவில்லை. நீங்கள் பட்டது உண்மை. நோய் திரும்பி வருவதைப் போலக் கொடுமை வேறில்லை. மாத்திரையை மாற்றுவது கடைசியாக யோசிக்க வேண்டியது, அதையும் மனநல மருத்துவர்தான் வாரக்கணக்கில் மெல்ல மெல்லச் செய்ய வேண்டும்.

ஆனால் மாத்திரையைத் தொடாமலே செய்யக்கூடியது நிறைய இருக்கிறது. இந்த மாத்திரைகளால் ஏறும் எடைக்கும் மெட்ஃபார்மின் ஓரளவு உதவும். சர்க்கரை வரும் முன்னாலேயே அதைத் தருகிற மனநல மருத்துவர்களும் இருக்கிறார்கள். சிறுநீரகப் பரிசோதனை ஒன்று பார்த்துவிட்டு, சாப்பாட்டோடு குறைந்த அளவில் தொடங்குவோம். பிரஷருக்கும் கொழுப்புக்கும் எல்லோருக்கும் தருகிற அதே மாத்திரைகள்தான். கடும் மனநோய் உள்ளவர்கள் மற்றவர்களைவிட 10 முதல் 20 வருடம் முன்னதாக இறந்துபோகிறார்கள் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. அதில் பெரும்பங்கு இதய நோய், சர்க்கரை, நுரையீரல் நோய் என்று, நாங்கள் தினமும் வைத்தியம் பார்க்கிற நோய்களால்தான். மகள் சிரிக்கிறாள் என்றீர்கள். அந்தச் சிரிப்பை எழுபது வயது வரை கொண்டுபோகத்தான் கேட்கிறேன். ஒரே ஒரு வெறும் வயிற்று சர்க்கரை, ஒரு பிரஷர். மாதவிடாய் ஒழுங்காக வருகிறதா என்றும் கேளுங்கள். ரிஸ்பெரிடோன் போன்ற மாத்திரைகளில் அது நின்றுபோவதுண்டு, பெண்கள் அப்பாவிடம் சொல்ல மாட்டார்கள்.

குளோசபின் சாப்பிடுகிறவர்கள் வீட்டில் யாராவது இதைப் படித்தால் இரண்டு விஷயத்தை மறக்க வேண்டாம். காய்ச்சலோ தொண்டை வலியோ வந்தால் அன்றே இரத்த அணுக்கள் பார்க்க வேண்டும், பாராசிட்டமால் போட்டுக் காத்திருக்கக் கூடாது. முதல் 18 வாரம் வாராவாரம் இரத்தம் எடுப்பது இதற்காகத்தான். இரண்டாவது, மலச்சிக்கல். கேட்க அற்பமாகத் தோன்றும். குடல் ஓடாமல் நின்று உயிர் போனவர்கள் உண்டு. மூன்று நாள் போகவில்லை என்றால் அது ஒரு வைத்தியனுக்குச் சொல்ல வேண்டிய செய்தி.

பழைய வானொலி எழுதியது:

இவ்வளவு நேரம் படித்துக்கொண்டிருந்தேன். நான் அக்காவும் இல்லை, அப்பாவும் இல்லை, டாக்டரும் இல்லை. மனச்சிதைவு உள்ள ஆள். 41 வயது. அச்சகத்தில் பிழை திருத்துகிறேன்.

காவிரிக்கரை, உங்கள் பாசம் எழுத்திலேயே தெரிகிறது. ஒன்று மட்டும் கேட்கிறேன். தம்பியைக் கேட்டீர்களா? லேபில் என்ன எண் வந்தது என்று அவருக்குச் சொன்னீர்களா? ஊசி என்றால் ஒதுங்குகிறார் என்று எழுதியிருக்கிறீர்கள். எதற்கு ஒதுங்குகிறார்? முதன்முதலில் என்னை ஆஸ்பத்திரியில் சேர்த்தபோது நான்கு பேர் பிடித்துக்கொண்டு ஊசி போட்டார்கள். அன்றைக்கு வேறு வழி இருந்திருக்காது, அது எனக்கு இப்போது புரிகிறது. ஆனால் அதன் பிறகு பத்து வருடம், ஸ்பிரிட் வாசனை வந்தாலே என் கை தானாக முதுகுக்குப் பின்னால் போய்விடும். நோய் எப்போதோ அடங்கிவிட்டது, கை மட்டும் மறக்கவில்லை. இப்போது நான் போகும் லேபில் ஒரு பெண் இருக்கிறார். ஊசி உறையை என் கண் முன்னால்தான் பிரிப்பார். "எந்தக் கை அண்ணா?" என்று கேட்பார். அந்த ஒரு கேள்விக்காக இரண்டு பஸ் மாறிப் போகிறேன்.

டாக்டருக்கும் ஒன்று. புகையைப் பற்றி நீங்கள் எழுதவில்லை. நான் ஒரு நாளைக்கு இருபது சிகரெட் பிடித்தவன். ஒரு பொங்கலன்று திடீரென்று விட்டேன். பத்து நாளில் நடக்கும்போதே தூக்கம், எச்சில் வழிந்தது, தலை சுற்றியது. சிகரெட் விட்ட கஷ்டம் என்று எல்லோரும் சொன்னார்கள். என் மனநல மருத்துவர்தான் கண்டுபிடித்தார். புகை ஓலன்சபினையும் குளோசபினையும் உடம்பிலிருந்து வேகமாக வெளியேற்றுமாம். புகை நின்றதும் அதே மாத்திரை அதிக அளவு போட்டதுபோல் ஆகிவிட்டது. அளவைக் குறைத்தார், சரியானேன். புகையை விடுங்கள், கட்டாயம் விடுங்கள். ஆனால் விடுவதற்கு முன்னால் மாத்திரை எழுதுகிறவரிடம் சொல்லுங்கள்.

ஊர் டாக்டர் எழுதியது:

உண்மை. நிகோட்டின் அதற்குக் காரணம் கிடையாது, புகைதான். அதனால் நிகோட்டின் சூயிங்கத்துக்கு மாறினாலும் மருந்தின் அளவு ஏறவே செய்யும். இதை நான் எழுதாமல் விட்டது தவறு, நன்றி.

காவிரிக்கரை எழுதியது:

பழைய வானொலி அண்ணா, உங்கள் பதிவைப் படித்துவிட்டு ஒரு நாள் முழுக்க எதுவும் எழுத முடியவில்லை. முதலில் வலித்தது. பிறகு யோசித்துப் பார்த்தால், லேப் ரிசல்ட்டை நானும் அம்மாவும் அடுப்படியில் நின்று குசுகுசுவென்று பேசியிருக்கிறோம். அவன் கூடத்தில் இருந்தான். தன்னைப் பற்றி யாரோ மறைவாகப் பேசுகிறார்கள் என்று பயந்தே நோயில் துடித்தவன் அவன். அவன் வீட்டிலேயே நாங்கள் அதைச் செய்திருக்கிறோம்.

நேற்று இந்த இழை முழுவதையும் அவனுக்குப் படித்துக் காட்டினேன். 286 என்றால் என்ன, சரியான அளவு எவ்வளவு என்று கேட்டான், சொன்னேன். ஊசி பற்றிக் கேட்டேன். "ஊசி வேணாம்னு நான் எப்பக்கா சொன்னேன்? கதவைச் சாத்தாதீங்கன்னுதான் சொன்னேன்" என்றான். பதினான்கு வருடமாகக் கூடவே இருக்கிறேன். இது எனக்குத் தெரியாது.

களப்பணி 84 எழுதியது:

மனநலத் துறையில் சமூகப் பணியாளராக இருந்து ஓய்வு பெற்றவள் நான். உரிமை பற்றி யாரும் சொல்லவில்லை என்பதால் எழுதுகிறேன்.

2017 மனநலப் பராமரிப்புச் சட்டத்தை அச்செடுத்துப் பையில் வைத்துக்கொள்ளுங்கள். 21-வது பிரிவு, எல்லா மருத்துவ சேவையிலும் மனநோய் உள்ளவரை உடல்நோய் உள்ளவருக்குச் சமமாக நடத்த வேண்டும் என்கிறது. ஆம்புலன்ஸ், அவசர சிகிச்சை, காப்பீடு வரை அதில் இருக்கிறது. 18-வது பிரிவு, மனநல சேவையை ஆரம்ப சுகாதார நிலையம் வரை பொது மருத்துவத்தோடு இணைக்கச் சொல்கிறது. "உங்க டாக்டர்கிட்ட போங்க" என்று சர்க்கரைக்காக வந்தவரை அனுப்பினால், அமைதியாக, ஆனால் உறுதியாக இதைச் சொல்லலாம்.

இந்தச் சட்டம் ஒரே நாளில் வந்துவிடவில்லை. 2001 ஆகஸ்ட் 6 அன்று இராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில், சங்கிலியால் கட்டப்பட்டிருந்த மனநோயாளிகள் 28 பேர் கொட்டகைத் தீயில் சிக்கி இறந்தார்கள். அந்தச் செய்தி வந்த காலையை எங்கள் துறையில் யாரும் மறக்கவில்லை. இன்னொரு பக்கம் நல்லதும் நடந்திருக்கிறது. கீழ்ப்பாக்கம் மனநல மருத்துவமனையின் கண்காணிப்பாளராக இருந்த சாரதா மேனன், ஓய்வுக்குப் பிறகு 1984-இல் மனச்சிதைவு உள்ளவர்களுக்காக ஸ்கார்ஃப் அமைப்பைத் தொடங்கினார். மனச்சிதைவு உள்ளவர் வீட்டில், தெருவில், வேலையில் வாழ முடியும் என்பதில் பிடிவாதமாக நின்றவர். அந்த அமைப்பு புதுக்கோட்டைக் கிராமங்களுக்கு ஒரு பஸ்ஸையே ஓட்டியது. பஸ்ஸுக்குள் திரை, திரையில் சென்னை டாக்டர், பக்கத்திலேயே மருந்து. மருந்து தேடி நோயாளி அலையக் கூடாது என்ற ஒரே எண்ணம்.

இப்போது உங்கள் தாலுகா ஆஸ்பத்திரிக்கு மாவட்ட மனநலத் திட்டத்தின் டாக்டர் எந்தக் கிழமை வருகிறார் என்று விசாரியுங்கள். மாதா மாதம் பெரிய ஆஸ்பத்திரி வரிசையில் நிற்பது மிச்சமாகும். திடீரென்று பேச ஆள் தேவைப்பட்டால் 14416, டெலி மனஸ் என்ற அரசு மனநல உதவி எண், தமிழிலேயே பேசலாம்.

முக்கியமாக ஒரு நோட்டு போடுங்கள். நாற்பது பக்க நோட்டு போதும். இடது பக்கம் மனநல டாக்டர் எழுதுவது, வலது பக்கம் சுகாதார நிலையத்தில் எழுதுவது. இரண்டு டாக்டர்களும் ஒருவரையொருவர் பார்க்கப் போவதில்லை. அந்த நோட்டுதான் அவர்களைச் சந்திக்க வைக்கும். நோட்டு தம்பியின் கையில் இருக்கட்டும்.

மகளுக்காக எழுதியது:

மகளைக் கூட்டிப்போனேன். சர்க்கரை 108. எல்லைக்கோட்டில் இருக்கிறது என்றார்கள். மாத்திரையில் கை வைக்கவில்லை. சாயந்திரம் அவளும் நானும் குளத்தைச் சுற்றி நடக்கிறோம். மாதவிடாய் பற்றி என் மனைவி கேட்டாள். ஏழு மாதமாக வரவில்லையாம். அடுத்த வாரம் டாக்டரிடம் சொல்லப் போகிறோம். ஊர் டாக்டருக்கு என் வணக்கம்.

காவிரிக்கரை எழுதியது:

மூன்று மாதம் கழித்து வருகிறேன். சுகாதார நிலையத்தில் மதியம் பன்னிரண்டரைக்குப் போனோம், கூட்டமில்லை. நர்ஸ் கதவைத் திறந்தே வைத்தார். டேப்பை அவன் கையிலேயே கொடுத்துவிட்டார், அவனே சுற்றி அளந்து "104" என்று சொல்லி நோட்டில் எழுதினான். மெட்ஃபார்மின் இரண்டு வேளை. பாதம், கண் இரண்டும் பார்த்தார்கள். போன வாரம் வெறும் வயிற்றில் 142. எடை 87. இராத்திரிப் பசிக்கு பிஸ்கெட் டப்பாவுக்குப் பதில் வேகவைத்த கடலை, வெள்ளரிக்காய். சில நாள் பிஸ்கெட்டும்தான்.

மனநல ஓ.பி.யில் அந்த நோட்டை நீட்டினான். டாக்டர் இரண்டு பக்கம் புரட்டிப் பார்த்துவிட்டு, அவனை உட்காரச் சொல்லி நிமிர்ந்து பார்த்துப் பேசினார். ஐந்து நிமிடம் இருக்கும். அவனுக்கு ஒரு கேள்வி இருக்கிறதாம், போனை வாங்கிக்கொள்கிறான்.

நான்தான் அந்தத் தம்பி. எல்லோருக்கும் நன்றி. பழைய வானொலி அண்ணாவிடம் கேட்க வேண்டும். எனக்குக் கடைவாய்ப் பல் இரண்டு சொத்தை. பல் டாக்டரிடம் என் மாத்திரைப் பெயரைச் சொல்ல வேண்டுமா? சொன்னால் வேறு மாதிரிப் பார்ப்பாரோ என்று இருக்கிறது.

பழைய வானொலி எழுதியது:

தம்பி, சொல்லுங்கள். சீட்டையே காட்டுங்கள், அவர் தரப்போகும் மருந்தோடு ஒத்துப்போகுமா என்று அவர் பார்க்க வேண்டும். வாய் காய்கிறது என்றால் அதையும் சொல்லுங்கள், நம் மாத்திரைகளில் எச்சில் குறைவதால்தான் பல பேருக்குப் பல் சீக்கிரம் கெடுகிறது. நானும் நான்கு பல்லைப் பறிகொடுத்தவன். முதல் டாக்டர் வேறு மாதிரித்தான் பார்த்தார். இரண்டாவது டாக்டர் பல்லைப் பார்த்தார். நீங்கள் போகும் நாளைச் சொல்லுங்கள், அன்று காலை போன் போடுகிறேன்.